ஒரு லிட்டர் இன்ஜினும் பதினேழு வளைவுகளும்



சென்ற வாரம் ஏலக்காய் விலையைப் பற்றி நான் போட்ட பதிவின் கீழே, 1998 பேட்ச் மாணவர் ஒருவர் சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டிருந்தார். "டீச்சர், 1,200 சி.சி. கார் 83 குதிரைத் திறன் தருகிறது. அதே கம்பெனி, அதே கார், 1,000 சி.சி. இன்ஜின் போட்டால் 120 தருகிறது. சின்ன இன்ஜின் எப்படிப் பெரிய இன்ஜினை ஜெயிக்கிறது?" அவர் சொல்வது ஹூண்டாய் ஐ20 கார். நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்கிறார்கள். சாதாரண ஐ20-இல் 1,197 சி.சி. இன்ஜின், 2021-இல் வந்த என் லைன் வகையில் 998 சி.சி. டர்போ. கேள்வி சரி, எண்களும் சரி.

இதே நேரத்தில் என் தம்பி மகனும் வேறொரு கம்பெனியின் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் காரைப் பழையதாக வாங்கி வந்து வாசலில் நிறுத்தியிருக்கிறான். "அத்தை, கோயம்புத்தூர்ல ஒரு இடத்துல கம்ப்யூட்டர்ல ரீமேப் பண்ணித் தர்றாங்களாம். முப்பது குதிரை கூடுமாம்" என்கிறான். ஒவ்வொரு சனிக்கிழமையும் பெண்டாட்டி பிள்ளைகளோடு சாந்தன்பாறைத் தோட்டத்துக்குப் போகிறவன். ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவளுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

இன்ஜினின் பலம் பெட்ரோலில் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே ஊற்றலாம், அது சிரமமே இல்லை. சிரமம் காற்றில். ஒரு பங்கு எடை பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு எடை காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ ஒன்பதாயிரம் லிட்டர் காற்று. ஒரு சிறிய அறை நிறையக் காற்று! 1,197 சி.சி. என்றால் எல்லாச் சிலிண்டரும் ஒருமுறை முழுதாக மூச்சிழுத்தால் ஒன்றேகால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் காற்று உள்ளே போகும், அவ்வளவுதான். அதற்கு மேல் திறன் வேண்டுமென்றால் மூன்று வழி. பெரிய இன்ஜின் போடலாம், அதே இன்ஜினை இன்னும் வேகமாகச் சுழற்றலாம், இல்லையென்றால் அதே இடத்துக்குள் காற்றை அமுக்கித் திணிக்கலாம். மூன்றாவது வழிதான் டர்போ.

இரண்டாவது வழியைப் பற்றி ஒரு வார்த்தை. நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் வகுப்பில் மூன்றாவதாக வந்ததே, அந்த போர்ஷே 911 ஜி.டி.3 கப் காரில் டர்போ கிடையாது. நான்கு லிட்டர், ஆறு சிலிண்டர், அதிவேகச் சுழற்சி, அதிலேயே ஐந்நூறு குதிரைக்கு மேல். எங்கள் தெரு இளைஞர்கள் டர்போ இருந்தால்தான் ரேஸ் கார் என்று என்னிடம் வாதாடியதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

காற்றின் அருமை போடிக்காரர்களுக்குப் பாடப் புத்தகம் இல்லாமலே தெரியும். என் அப்பா ஏலத் தோட்டத்து ஜீப் ஓட்டியவர். முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி ஏற ஆரம்பித்து, பதினான்காவது பதினைந்தாவது வளைவு வரும்போது "வண்டிக்கு மூச்சு வாங்குது" என்பார். அது உவமை இல்லை, உண்மை. போடி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர். போடிமெட்டு அதற்கும் ஆயிரம் மீட்டர் மேலே. அங்கே காற்றழுத்தம் நம் ஊரைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. உள்ளே போகும் காற்று எட்டில் ஒரு பங்கு குறைந்தால் திறனும் அதே அளவு குறையும். அன்றைய டீசல் ஜீப்புகளில் பலவற்றில் 2,112 சி.சி. பெஜோ இன்ஜின், டர்போ இல்லாதது. பம்ப் அதே அளவு டீசலைத் தள்ளும், எரிக்கக் காற்று போதாது. அதனால்தான் மேல் வளைவுகளில் பின்னால் கரும்புகை. அந்தப் புகையில் தலை நனைந்து வளர்ந்த தலைமுறை நாங்கள்.

சொல்லப்போனால், டர்போ பேர் வாங்கியதே ஒரு மலையின் உச்சியில்தான். ஆல்ஃபிரட் பூஹி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். ஆனால் 1918-இல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மோஸ் என்பவர் லிபர்ட்டி விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, கொலராடோவிலுள்ள பைக்ஸ் பீக் என்ற 14,000 அடிச் சிகரத்துக்குக் கொண்டு போனார். கீழே 350 குதிரைத் திறன் தந்த இன்ஜின் சிகரத்தில் 230-தான் தந்தது. டர்போவை மாட்டினார்கள். அதே சிகரத்தில் 356. மெல்லிய காற்றில் பறக்கும் விமானத்துக்காகச் செய்த சோதனை அது. இப்போது சனிக்கிழமை சாந்தன்பாறை போகிறவனுக்குப் பயன்படுகிறது.

இனி அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். எரிந்த பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாகப் பின்பக்கம் வீணாகப் போகிறது. அந்தப் புகை வெளியேறும் வழியில் ஒரு சிறு சக்கரம். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். புகை முதல் சக்கரத்தைச் சுற்ற, இரண்டாவது சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். இது வெறும் விசிறி இல்லை, பிள்ளைகளே. பெட்ரோல் காரில் ஒரு சக்கரம் 900 டிகிரிக்கு மேல் பழுக்கக் காய்ந்த புகையில் நிற்க, விரல் நீளம் தள்ளி மற்றது சாதாரணக் காற்றில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் ஒரு அச்சு.

ஏழாம் வகுப்பில் சைக்கிள் பம்ப்பின் வாயை அடைத்துக்கொண்டு அடிக்கச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? அடி சூடாகும். அமுக்கினால் காற்று சூடேறும். டர்போவிலும் அதேதான். 27 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டு போனால் அது 120 டிகிரியை நெருங்கிவிடும். சூடான காற்று விரியும். அழுத்தம் இரண்டு மடங்கு ஆனாலும் உள்ளே போகும் காற்றின் எடை ஒன்றரை மடங்குதான் கூடும். அதனால் நடுவில் ஒரு ரேடியேட்டர் போல இன்டர்கூலர் வைத்து, 50 டிகிரி அளவுக்குக் குளிர வைக்கிறார்கள். அப்போது 1.8 மடங்குக்கு மேல் கிடைக்கும். அந்த வித்தியாசம் முழுக்க முன்பக்கம் இருக்கும் ஒரு அலுமினியப் பெட்டியின் தயவு. அதன் முன்னால் கூடுதல் விளக்கும் கம்பியும் மாட்டிக் காற்றை மறைக்கிறவர்கள் கவனிக்கவும்.

காற்று நிறையப் போயாயிற்று. அடுத்த சிக்கல், பெட்ரோல் பொறி தட்டுவதற்கு முன்னாலேயே, அல்லது தட்டிய பிறகு ஓரத்தில் தானாகவே, வெடித்துவிடுவது. நாக்கிங் என்கிறோம். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது போன்ற அடி. டர்போ இன்ஜினை வடிவமைக்கிறவர்களின் பாதி வேலை இதோடு போராடுவதுதான். சிலிண்டருக்குள் அமுக்கும் விகிதத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுவார்கள். அது ஆவியாகும்போது உள்ளே குளிரும், பானைத் தண்ணீர் குளிர்வது போல. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்று ஒரு டர்போ கார் வந்தது. விகிதத்தைக் குறைக்காமல் 10.25 என்றே வைத்தார்கள். அதற்காகத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனியாக ஒரு தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டிக்குக் கஷாயம் கொடுப்பது போல! ஜனங்கள் அதை நிரப்ப மறந்தார்கள். சீக்கிரமே அந்தக் காரையும் மறந்தார்கள்.

இதையெல்லாம் கடைசி எல்லை வரை கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் அஃபால்டர்பாக் என்ற ஊரில் செய்யும் மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. இன்ஜின் ஒன்றைச் சொல்லலாம். எம்139 என்று பெயர், 2019-இல் வந்தது. வெறும் இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், 421 குதிரைத் திறன். லிட்டருக்கு இருநூறுக்கு மேல். நம் ஐ20 டர்போ லிட்டருக்கு 120, சாதாரண ஐ20 லிட்டருக்கு 70. இவ்வளவு வித்தியாசம் டர்போவை மட்டும் பெரிதாக்கி வந்ததில்லை. உருக்கிலிருந்து அடித்துச் செய்த கிராங்க், அடித்துச் செய்த பிஸ்டன்கள், சிலிண்டர் சுவர்கள் அதிர்ந்து நெளியாதபடி மேல்பகுதி மூடிய பிளாக். இன்ஜினையே அரை வட்டம் திருப்பி வைத்து, புகைப் பக்கத்தைப் பின்னால் கொண்டு போனார்கள், குளிர்ந்த காற்று முன்னாலிருந்து நேராக வர. டர்போ அச்சு உருளைத் தாங்கிகளில் நிமிடத்துக்கு 1,69,000 சுற்று வரை போகும். அமுக்கும் விகிதம் 9 மட்டுமே. ஒரு இன்ஜினை ஒரே ஆள் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பூட்டித் தன் பெயரைப் பொறிக்கிறார். நம் கொத்தனார்கள் செய்வதில்லை, செய்திருந்தால் பல கட்டடங்கள் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இன்ஜினின் உச்ச இழுவை 5,000 சுற்றில்தான் வருகிறது. ஐ20 டர்போவின் உச்ச இழுவை, 172 நியூட்டன் மீட்டர், 1,500 சுற்றிலேயே வந்து 4,000 வரை அப்படியே நிற்கிறது. வேண்டுமென்றே அப்படிச் செய்தது. சின்னச் சக்கரம் போட்டால் கொஞ்சப் புகையிலேயே சுழன்றுவிடும், ஆனால் உயர் வேகத்தில் அதுவே தொண்டையை அடைக்கும். பெரிய சக்கரம் போட்டால் மேலே அள்ளிக் கொடுக்கும், கீழே மிதித்ததும் ஒரு பெருமூச்சு விட்டுத்தான் கிளம்பும். இந்தத் தயக்கத்தைக் குறைக்க வேறு சில வழிகளும் உண்டு. தோட்டத்தில் ஏலச் செடிக்குத் தண்ணீர் விடும்போது ஓஸ் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் தூரம் பாய்கிறது அல்லவா? டர்போ சக்கரத்தைச் சுற்றி இதழ்களை வைத்து, குறைந்த சுற்றில் வழியைச் சுருக்கி, கூடியதும் விரிப்பார்கள். டீசல் வண்டிகளில் இது சாதாரணம். பெட்ரோலின் சூட்டுக்கு அந்த இதழ்கள் தாங்குவது கடினம். 2006-இல் போர்ஷே 911 டர்போவில்தான் அதற்குத் தாக்குப்பிடிக்கும் உலோகத்தில் செய்தார்கள்.

இன்னொரு வழி புகைக் குழாயின் அமைப்பு. நான்கு சிலிண்டரில் ஒன்றின் புகை வெளியேறும் நேரத்தில் இன்னொன்றின் வால்வும் திறந்திருக்கும். ஒன்றின் அழுத்தம் மற்றதன் முகத்தில் அடிக்கும். அதனால் 1, 4 சேர்ந்து ஒரு குழாய், 2, 3 சேர்ந்து ஒரு குழாய் என்று பிரித்து டர்போவுக்குள் விடுவது உண்டு. மூன்று சிலிண்டரில் இந்தத் தொல்லை குறைவு, ஒவ்வொன்றும் போதிய இடைவெளி விட்டு ஊதுகிறது. சின்ன டர்போ கார்களில் பல மூன்று சிலிண்டராக இருப்பதற்கு விலை முதல் காரணம், இது இரண்டாவது காரணம்.

இப்போது மருமகனின் ரீமேப்புக்கு வருகிறேன்.

1977-இல் ரெனோ கம்பெனி ஃபார்முலா ஒன்றுக்கு முதல் டர்போ காரைக் கொண்டு வந்தது. மற்றவர்களுக்கு மூன்று லிட்டர், டர்போவுக்கு ஒன்றரை லிட்டர்தான் அனுமதி. அடிக்கடி புகைவிட்டு நின்றது, ஊரே சிரித்தது. 1983-இல் நெல்சன் பிகே பி.எம்.டபிள்யூ. டர்போ இன்ஜினோடு உலகச் சாம்பியன் ஆனபோது சிரிப்பு நின்றது. அந்த ஒன்றரை லிட்டர் இன்ஜினின் பிளாக் சாதாரணச் சாலைக் கார் இன்ஜினிலிருந்து வந்தது. 1986 வாக்கில் தகுதிச் சுற்றில் ஆயிரம் குதிரைக்கு மேல் எடுத்தார்கள். எப்படி? அழுத்தத்தைக் கூட்டி. சில சுற்றுகள் ஓடினால் போதும், பிறகு அந்த இன்ஜின் கதை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு வேறு இன்ஜின், வேறு அழுத்தம். மருமகனே, உன்னிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு இன்ஜின் இருக்கிறதா?

ரீமேப் என்பது கம்ப்யூட்டரிடம் அழுத்தத்தையும் பெட்ரோலையும் கூட்டச் சொல்வது. முப்பது குதிரை கூடும், அவர்கள் பொய் சொல்லவில்லை. கம்பெனிக்காரன் அதை ஏன் விட்டு வைத்தான் என்பதுதான் கேள்வி. ஏப்ரல் மாதத்து நாற்பது டிகிரி வெயில், பழசான எண்ணெய், சுமாரான பெட்ரோல், ஐந்து பேர், கூரைமேல் மூட்டை, கூடவே மலை. இத்தனையும் ஒரே நாளில் வந்தால் தாங்குவதற்கு வைத்த இடைவெளி அது. மலை ஏறும்போது டர்போ ஏற்கெனவே கூடுதலாகச் சுழன்றுதான் மெல்லிய காற்றை ஈடுகட்டுகிறது. ஜீப்புக்கு வாங்கிய மூச்சை இப்போது டர்போ வாங்குகிறது, நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் இன்னும் கூட்டினால் சுமை போவது பிஸ்டனுக்கும் கனெக்டிங் ராடுக்கும் கேஸ்கெட்டுக்கும். கம்ப்யூட்டர் எண்ணை மாற்றுகிறது, இரும்பை மாற்றுவதில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிக்காமல் மாற்றினால் இழப்பீட்டை மறுக்கவும் இடம் உண்டு.

அதைவிட, அந்த முப்பது குதிரை எதற்கு? நானே கணக்குப் போட்டேன். ஆளும் சாமானும் சேர்த்து 1,500 கிலோ. ஆயிரம் மீட்டர் உயரம். நாற்பது நிமிடத்தில் ஏறினால், உயரத்துக்கு மட்டும் தேவை எட்டு குதிரைதான்! டயரின் தடை, காற்றுத் தடை, கியர் இழப்பு எல்லாம் சேர்த்தாலும் சராசரி இருபதைத் தாண்டாது. வளைவிலிருந்து வெளியே வரும்போது குறைந்த சுற்றில் இழுக்கும் இழுவைதான் இந்த ரோட்டில் வேண்டியது. அதை அந்தக் கார் ஏற்கெனவே கொடுக்கிறது. அதிலும் ஒரு எச்சரிக்கை. மூன்றாவது கியரில் ஆயிரத்து ஐந்நூறு சுற்றில் வளைவில் முழுக்க மிதிக்காதீர்கள். இந்த வகை இன்ஜின்களில் குறைந்த சுற்றும் அதிகச் சுமையும் சேர்ந்தால், பொறிக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைக்கும் ஒரு நோய் உண்டு. ஒரு கியர் குறைத்துவிட்டு மிதியுங்கள். எண்ணெய் டப்பாவில் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்று இருக்கிறதா என்று பாருங்கள். 2020-இல் வந்த அந்தத் தரம் இந்த நோயையும் கணக்கில் எடுத்தது. மெட்டு ஏறியதும் டீக்கடையில் படாரென்று சாவியை அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். சூடான அச்சில் எண்ணெய் நின்றுபோனால் கருகிக் கரியாகும்.

இதெல்லாம் ஏறுவதைப் பற்றி. எனக்குக் கவலை இறங்குவதில்.

அப்பா காலத்து டிரைவர்கள் எல்லோரும் சொன்ன விதி ஒன்று உண்டு: "ஏறின கியர்லயே இறங்கு." அருமையான விதி. பெட்ரோல் மிதிக்காமல் கியரில் விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிக்கும் பலம் இன்ஜினின் அளவைப் பொறுத்தது. அந்த ஜீப்பில் ஏற்றும் பலமும் பிடிக்கும் பலமும் இரண்டுமே அதே 2,112 சி.சி.யிலிருந்து வந்தன. அதனால் விதி பொருந்தியது. டர்போ காரில் பொருந்தாது. ஏறும்போது டர்போவின் உதவியால் அது ஒன்றரை லிட்டர் இன்ஜின் மாதிரி இழுக்கிறது, மூன்றாவது கியரிலேயே ஏறிவிடுகிறது. இறங்கும்போது கால் எடுத்ததும் புகை இல்லை, அழுத்தம் இல்லை, டர்போ இல்லை. மிஞ்சுவது வெறும் ஒரு லிட்டர். அதே மூன்றாவது கியரில் இறங்கினால் அந்தச் சின்ன இன்ஜினால் பிடிக்க முடியாது, முழுப் பாரமும் பிரேக்கின் தலையில். ஆயிரம் மீட்டர் இறங்கும் 1,500 கிலோ வண்டி இழக்க வேண்டிய ஆற்றல் நான்கு யூனிட் மின்சாரம். நான்கு யூனிட்டையும் நான்கு பிரேக் தட்டுகளில் சூடாகக் கொட்டினால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்று மருமகன் வீட்டுக்காரிக்குத் தெரியும். போன மாதம் முந்தலில் வண்டியை நிறுத்தியபோது கருகின வாடை வந்ததாம், பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்களாம். மிதி கொஞ்சம் உள்ளே போன மாதிரி இருந்தது என்று அவனே ஒப்புக்கொண்டான். மூன்றாவது கியரில்தான் இறங்கியிருக்கிறான். தாத்தா சொன்ன விதியைத்தான் பின்பற்றினேன் என்கிறான். தாத்தாவுக்கு டர்போ தெரியாதப்பா. இனி இரண்டாவது கியரில் இறங்கு, கூர்மையான வளைவுகளில் தேவைப்பட்டால் முதலாவது. ரீமேப்புக்கு எடுத்து வைத்த பணத்தில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் பேடு மாற்றி, பழைய பிரேக் ஆயிலையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். நேற்று மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறான். கோயம்புத்தூர் யோசனை இன்னும் மனதுக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன், முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

தினமும் விடியற்காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது உங்களில் பலர் ஓட்டுவது ஒன்றரை லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ டீசல். பழைய ஜீப்பைவிட நன்றாக ஏறுகிறது என்கிறீர்கள். இறங்கும்போது எந்த கியர், எத்தனை பேர், மழையில் என்ன செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் எழுதுங்கள், குறிப்பாக இறக்கத்துக்கென்று என்ன சோதனை செய்கிறீர்கள் என்று. லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு வருகைப் பதிவு கிடையாது.